புதருக்குப் பின்னால் நின்ற டாங்கி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மும்பை செம்பூரில் நடந்தது இது. என் மகளுக்கு டெங்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தோம். நோயைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். காய்ச்சல் நல்லபடியாக இறங்கி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் படுத்திருந்த நாட்களில், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. தாராவியில் என் மாமனார் வீட்டில் இருந்தவரை, படியிறங்கினால் போதும், கூட விளையாட ஆள் இருக்கும். செம்பூருக்குக் குடிவந்தது அவள் படிப்புக்காகத்தான். புதுப் பள்ளிக்கூடம், எப்போதும் கதவு சாத்தியே இருக்கும் கட்டடம். அவள் பேச்சு குறைந்துகொண்டே போனது. தப்பு செய்துவிட்டோமோ, திரும்பிப் போய்விடலாமா என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

அப்போதுதான் அந்த டாங்கி விளையாட்டு வந்தது. இணையத்தில் ஆடுவது. ஒரு பக்கம் பதினைந்து டாங்கிகள், எதிர்ப்பக்கம் பதினைந்து டாங்கிகள். ஒவ்வொன்றையும் எங்கேயோ உட்கார்ந்து ஒருவர் ஓட்டுகிறார். ஒரு பெண் குழந்தைக்கு இது என்ன விளையாட்டு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஒருநாள் சமையலறையிலிருந்து கேட்கிறேன், காதில் ஹெட்போனோடு அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுப்பாடம் முடித்தபின் ஒரு மணி நேரம் என்று அனுமதித்தேன்.

மும்பைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு கேப்டன். கேப்டனின் விளையாட்டுப் பெயர் ஏதோ அரக்கன் பெயர் மாதிரி இருக்கும். மாட்டுங்காவில் ஒரு கல்லூரி விழாவில் போட்டி நடக்கப்போகிறது, அதில் பக்கத்துக்கு ஏழு பேர்தான், கேப்டன் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போவார் என்று மகள் சொன்னாள். யாரை எடுப்பது என்பதை அவரவர் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

அந்த எண்ணை அவள் எனக்குக் காட்டியிருந்தாள். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண் இருக்கிறது, அதற்கு ஒரு நிறம் இருக்கிறது. சிவப்பு மோசம். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எல்லாவற்றுக்கும் மேலே கத்திரிப்பூ நிறம். அவளுடையது அப்போதுதான் பச்சைக்கு வந்திருந்தது.

“இது எத்தனைக்கு?” என்று கேட்டேன்.

“எத்தனைக்குன்னு எல்லாம் கிடையாதும்மா. இது மார்க் இல்ல.”

“அப்ப ரேங்க்கா?”

“ரேங்க்கும் இல்ல.”

“பின்ன பாஸ் எவ்வளவு?”

அவள் என்னைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டாள். நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லாத ஒரு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எப்படியோ, பச்சை என்றால் நல்லதுதான் என்ற மட்டில் விட்டுவிட்டேன்.

போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. கண்ணைத் திறந்தால் வலிக்கிறது என்பாள். போனைக்கூடக் கையில் வாங்கவில்லை. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது அரைத் தூக்கத்தில் சொன்னாள்: “வாரத்துக்கு இத்தன மேட்ச் ஆடியிருக்கணும்மா. ஆடலன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்க.”

“நீ தூங்கு. அத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவளும் தலையை ஆட்டினாள். என்ன சொன்னேன் என்று அவள் காதில் விழுந்ததா என்றே சந்தேகம்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்கூடம் லேப்டாப்பில் நடந்ததே, அப்போது இவள் சின்னவள். சளி, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் நான்தான் கேமராவை அணைத்துவிட்டு உட்காருவேன். “பிரசென்ட் மிஸ்” என்று டைப் செய்வேன், நோட்ஸ் எழுதுவேன். நான் மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்த அம்மாக்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். பிள்ளையின் இடம் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். இதுவும் அந்த மாதிரி ஒரு வருகைப்பதிவு என்றே என் மனதில் பதிந்துவிட்டது.

காலையில் ஆபீஸ் போகுமுன் என் கணவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போவேன். அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். விளையாட்டு அவள் பெயரிலேயே திறந்துகொள்ளும். மேலே பெரிதாக ஒரு பொத்தான். அமுக்கினால் மலையும் வயலுமாக ஒரு ஊர் வரும், நம் டாங்கி அதில் நிற்கும். சரி, வந்தாயிற்று என்று நான் கஞ்சியைக் கிளறப் போய்விடுவேன். திரும்பி வரும்போது டாங்கி எரிந்து கிடக்கும். அல்லது ஆட்டமே முடிந்திருக்கும்.

ஒருநாள் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. அசையாமல் நின்றால் சேராது என்ற அர்த்தத்தில் ஏதோ ஆங்கிலத்தில். அட, நின்றால் பிரசென்ட் போட மாட்டார்கள் போலிருக்கிறது என்று, அன்றிலிருந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் போவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். முன்னால் போக எந்தச் சாவி, திரும்ப எந்தச் சாவி என்று மகள் ஆடுவதைப் பார்த்ததில் தெரியும். சுடுவது எப்படி என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. எங்கேயாவது ஒரு புதர் தெரிந்தால் அதற்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். திறந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் மகளுடைய டாங்கி அல்லவா.

கூட ஆடுகிறவர்கள் கீழே என்னென்னவோ எழுதுவார்கள். பாதி இந்தி, பாதி ஆங்கிலம். சிலதைப் படித்துவிட்டு, இதையெல்லாமா என் மகள் தினமும் படிக்கிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், ஏறக்குறைய பாதி ஆட்டத்தில் “வெற்றி” என்று வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆனாலும் வெற்றி.

நர்சிங் ஹோம் வராந்தாவில் வைத்து என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“சும்மா நின்னே ஜெயிச்சியாக்கும்?” என்றார் அவர். “எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு அப்படித்தான்.”

மகள் வீடு திரும்பினாள். உடம்பு தேற மூன்று நான்கு நாள் ஆனது. ஒரு சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, இத யாராவது தொட்டாங்களா?”

“நான்தான். ஒரு நாள்கூட விடல. உன் கணக்கு எல்லாம் சரியா இருக்கும், பாரு.”

அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. திரையை மட்டும் என் பக்கம் திருப்பினாள். பச்சை போய், மஞ்சளையும் தாண்டி, எண் ஆரஞ்சில் நின்றது.

“பாதி ஆட்டம் ஜெயிச்சேனே” என்றேன்.

“பதினஞ்சு பேரும்மா. ஒருத்தர் சும்மா நின்னாலும் மத்த பதினாலு பேர் ஆடி ஜெயிச்சிருவாங்க. இது டீம் ஜெயிச்சத மட்டும் பாக்காது. நீ தனியா என்ன செஞ்சன்னு பாக்கும். அதே டேங்க மத்தவங்க ஓட்டினா சராசரியா எவ்வளவு அடிப்பாங்களோ, அதோட வச்சுப் பாக்கும்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடுத மாதிரியா?”

அவள் சிரிக்கவில்லை. எண் இரண்டு உண்டாம். முதல் நாளிலிருந்து ஆடிய எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று. கடைசியாக ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்து ஒன்று. முதலாவது மெதுவாகத்தான் அசையும். இரண்டாவது இப்போது எப்படி ஆடுகிறாய் என்று சொல்வது, சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கேப்டன் பார்ப்பது இரண்டாவதைத்தான். அந்தக் கடைசி ஆட்டங்கள் பூராவும் என்னுடையவை. மறுபடி ஆடி ஏற்றலாம், ஆனால் போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் முடியாது.

மெலிந்த முகத்தோடு அவள் அதை விளக்கியபோது எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. செம்பூருக்கு வந்தபின் அவளுக்கென்று கிடைத்த ஒரே கூட்டத்திலிருந்து அவளை நானே வெளியே தள்ளிவிட்டேன்.

அன்றைக்கே அந்தக் குழு பேசிக்கொள்ளும் நேரம் வந்தது. நானும் பக்கத்தில் உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். யாரென்று தெரியாத ஒரு ஆளிடம் என் மகளின் இடம் இருக்கிறதே என்ற பயம் வேறு. ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“உங்க கேப்டன் ஆம்பளையா பொம்பளையா, அத மொதல்ல சொல்லு” என்று அவள் காதருகே கேட்டேன்.

“பொம்பளப் பிள்ளதான் ஆன்ட்டி” என்றது லேப்டாப். “மாஹிம். காலேஜ் செகண்ட் இயர். நாங்களும் திருநெல்வேலிப் பக்கம்தான்.”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணே தொடர்ந்தாள்: “நான் ஆடுதத மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீய. எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா லேப்டாப்ப பூட்டி வச்சிருவாவ.”

எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கேப்டன் என் மகளிடம் உடம்பு எப்படி இருக்கிறது, பிளேட்லெட் ஏறிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு இந்தியில், எல்லாருக்கும் கேட்கும்படி, எண் விஷயத்துக்கு வந்தாள். என் மகள் சொன்னாள், காய்ச்சலோடு ஆடினேன், கண் வலித்தது, அதனால்தான் விழுந்துவிட்டது என்று.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

குழுவில் ஒரு பையன், ரூல் என்றால் ரூல், எண் இல்லாதவர்களை எடுக்கக்கூடாது என்றான். அவனுடைய நண்பனை எண் குறைவு என்று சொல்லித்தான் சேர்க்காமல் விட்டிருந்தார்களாம். கேப்டன் அவனைச் சமாதானப்படுத்தினாள். “அரே, அவளுக்கு டெங்குப்பா. காய்ச்சலுக்கு முன்னாடி இருந்த நம்பர எடுத்துக்கலாம். ரெண்டு மாசமா பச்சைதானே?” அவனும் முனகிக்கொண்டே சரி என்றான். என் மகளின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் ஆட்டங்களின் பதிவைப் பார்த்திருந்த அந்தப் பையன் விடாமல் சொன்னான். காய்ச்சலாகவே இருக்கட்டும், ஆனால் இது ஆடின ஆட்டமே இல்லை, ஒரு குண்டுகூடச் சுடாமல் புதரில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள், பயந்தாங்கொள்ளி. கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “அவ ஒண்ணும் பயப்படல. அதெல்லாம் அவ ஆடவே இல்ல. ஆஸ்பத்திரில கிடந்தா. ஆடினது நான்” என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் தமிழில் சொல்லி, பிறகு இந்தியிலும் சொன்னேன்.

யாரோ ஒருவர், “ஆன்ட்டியா ஆடினாங்க?” என்று மெதுவாக இந்தியில் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. கேப்டன் பேசியபோதுதான் விளங்கியது.

“ஆன்ட்டி, நீங்க இத சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள். கோபமாக இல்லை. “நம்பர் விழுந்ததுகூடப் பரவால்ல. வேற ஆளு ஆடின அக்கவுண்ட்ட போட்டில எறக்கக்கூடாது. வெளிய தெரிஞ்சா டீமையே தூக்கிருவாங்க. இப்ப எல்லாரும் கேட்டுட்டாங்க, நான் என்ன செய்ய?”

நான் மன்னிப்புக் கேட்டேன். என் பிள்ளை மேல் தப்பில்லை என்றேன். யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும் என்றாள். கடைசியில், இந்தத் தடவை வேண்டாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட வரட்டும், எங்களோடு உட்காரட்டும் என்றாள்.

மகள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு உதவப்போய் இடத்தைக் கெடுத்தேன். உண்மையைச் சொல்லப்போய், திரும்பக் கிடைத்த இடத்தையும் கெடுத்தேன். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுப்பதும் நாம்தானே. அப்படியானால் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டுமா? அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும்போதுமா? என் கணவரிடம் கேட்டேன். “நீ மொதல்ல ஒக்காரு” என்றார். அது பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். எட்டு மணிக்கே தலைசீவிக்கொண்டு நின்றாள். மழையில் பஸ் பிடித்து மாட்டுங்கா போனோம். கல்லூரி ஹாலில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒரே கூச்சல். கேப்டன் என் தோள் உயரம்கூட இல்லை. தலையில் துப்பட்டா, தோளில் பெரிய பை. அரக்கன் பெயருக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் மற்றவர்களிடம், “புதர் ஆன்ட்டி வந்தாச்சு” என்றாள். பயந்தாங்கொள்ளி என்று சொன்ன அந்தப் பையன்தான் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

என் மகள் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் வேறொரு பிள்ளை ஆடியது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், இரண்டாவதில் தோற்று வெளியே வந்தார்கள். இவள் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று கேட்க என் வாய் துடித்தது. கேட்கவில்லை.

கேன்டீனில் வடா பாவ் சாப்பிடும்போது கேப்டன் என்னிடம் ஒன்று கேட்டாள். “ஆன்ட்டி, ரெக்கார்டிங்ல பாத்தேன், ஒரு மேட்ச்ல பாலத்துக்குப் பக்கத்துப் புதர்ல நின்னியளே, அது தெரிஞ்சா செஞ்சீய?”

எந்தப் பாலம், எந்தப் புதர்? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நான் ஓட்டியது வேவு பார்க்கும் சின்ன டாங்கி என்றே அப்போதுதான் தெரிந்தது. அந்த டாங்கி எதிரியைப் பார்த்துவிட்டால், கூட இருக்கும் எல்லாருக்கும் எதிரி தெரிவான், அவர்கள் தூரத்திலிருந்து சுடுவார்கள். புதருக்குள் அசையாமல், சுடாமல் நிற்கிற வேவு டாங்கியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த ஒரு ஆட்டத்தில் எதிரிகள் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் என் டாங்கி அவர்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றிருக்கிறது. அந்த ஆட்டம் ஜெயித்ததே அதனால்தானாம்.

“அன்னைக்கு எங்க டீம்ல யார் நின்னிருந்தாலும் அவ்வளவு நேரம் பொறுமையா நின்னிருக்க மாட்டாங்க. ஒரு குண்டு போட்டு மாட்டிக்கிட்டிருப்பாங்க” என்றாள்.

“அப்ப அதுக்கு நம்பர் கூடியிருக்குமே?”

“அங்கதான் பிரச்சன. கேம் அதுக்குப் பாயின்ட் குடுக்கும். ஆனா நாங்க பாக்கற நம்பர், நீங்க அடிச்சதத்தான் பெருசா எண்ணும். அடுத்தவங்க அடிக்கறதுக்குக் காட்டிக்குடுத்தத அவ்வளவா எண்ணாது.”

“அது எப்படி நியாயம்?”

“நியாயம் இல்லதான் ஆன்ட்டி. எல்லாத்தையும் எண்ணற மாதிரி நம்பர் இன்னும் யாரும் செய்யல.”

நான் அந்த நேரத்தில் கஞ்சி அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்திருப்பேன். அதைச் சொல்லவில்லை.

பிறகு அவள் என் மகளிடம், பழையதை விட்டுவிட்டுப் புது அக்கவுண்ட் தொடங்கிவிடு என்றாள். நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்களாம். தெரியாத காலத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் முதல் எண்ணில் கடைசிவரை கூடவே வரும், புதிதாகத் தொடங்கினால் சுத்தமாக இருக்கும். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. நான் செய்ததெல்லாம் ஒரே அடியாகப் போய்விடும்.

“வேண்டாம்க்கா” என்றாள் என் மகள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் வேண்டாம் என்றாய் என்று. அவள் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு, “ஆடி ஆடி அந்த டேங்க எடுக்கவே எனக்கு அவ்வளவு நாள் ஆச்சு. மறுபடி யாரு முதல்ல இருந்து ஆடுவா?” என்றாள். நான் சரி என்றேன். குர்லா தாண்டியிருக்கும், அவளாகவே சொன்னாள்: “அந்தப் பாலத்து மேட்ச்சும் அதுலதான் இருக்கு.”

“அது நல்ல மேட்ச்சா, கெட்ட மேட்ச்சா? ஒழுங்காச் சொல்லுட்டி.”

“தெரியலம்மா. ஆனா இனிமே என் மேட்ச்ச நான் ஆடிக்கிடுதேன். நீ கஞ்சிய மட்டும் பாரு.” சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சில மாதங்களில் அவளுடைய இரண்டாவது எண் மறுபடி பச்சைக்கு வந்துவிட்டது. நான் ஆடிய ஆட்டங்கள் அதிலிருந்து உதிர்ந்துவிட்டன. முதல் எண்ணில் மட்டும் அவை இருக்கின்றன, இனிமேலும் இருக்கும். அவள் குழுவோடு பேசும் நேரத்தில் இப்போது நான் பக்கத்தில் உட்காருவதில்லை. உட்கார வேண்டுமோ என்ற யோசனை மட்டும் தினமும் வருகிறது.

அவள் ஆடும்போது அந்த வழியாகப் போனால், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முதல் எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்; அதில் எங்கோ ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் நான் நின்ற அந்தப் புதரும் இருக்கிறது, அது அவளைத் தூக்கியதா இறக்கியதா என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் அதை அவள் அழிக்கவில்லை.